கப்பற் சட்டங்களும் நட்டஈடும்: மலையில் வாழ்வோர் கற்க வேண்டிய ஒரு வழக்கு

பொல்பிட்டிய அருகே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீரும் அந்த ஆற்றிலேயே சேர்கிறது. சிவனொளிபாதமலைத் தொடரில் பிறக்கும் இவ்வாறு ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வடக்கே முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. எங்கள் மலைகளிற் பறிக்கப்படும் கொழுந்தும் தேயிலையாகிக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறுகிறது. எங்கள் அடுப்பங்கரைக்கு வரும் கருவாடும் நெத்தலியும் அந்தக் கரையிலிருந்தே மலையேறி வருகின்றன. ஆகவே கடலில் நடப்பது கடற்கரை மக்களின் பாடு மட்டுமே என்று இருந்துவிட முடியாது.

இக்கட்டுரையை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்விதழை வாசிப்போரில் அநேகர் இருந்த இடத்தை இழந்தவர்கள். நீர்த்தேக்கத்துக்காக எழும்பியவர்கள், போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள், மண்சரிவினால் வீடும் தோட்டமும் போனவர்கள், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலுக்குப் பின் இன்னும் நிலையான கூரையில்லாமல் இருப்பவர்கள் எனப் பலவகையினர். இவர்கள் எல்லோரிடமும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு யார் பொறுப்பு? அதை யார் எப்படிக் கணக்கிடுவது?" இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் இலங்கையின் உயர் நீதிமன்றம் வரை கொண்டுசென்று, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, ஒரு பெரிய தீர்ப்பைப் பெற்றவர்கள் நீர்கொழும்பு முதல் களுத்துறை வரையான கடற்றொழிலாளர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் ஆவர். அவர்களது வழக்கு ஒரு கப்பலைப் பற்றியது.

எரிந்த கப்பல்

'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்பது சிங்கப்பூரில் பதிவுசெய்யப்பட்ட புத்தம் புதிய கொள்கலன் கப்பல். கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2021 மே மாதத்தில் அது கொழும்பை நோக்கி வந்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 கொள்கலன்களில் ஆபத்தான சரக்குகள். ஒன்றில் நைத்திரிக் அமிலம் கசியத் தொடங்கியிருந்தது. கப்பலில் மொத்தம் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கட்டாரின் ஹமத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடங்களிலும் முடியாது என்று சொல்லப்பட்டது. கசிவோடேயே கப்பல் தன் வழியிற் தொடர்ந்தது.

மே 19ஆம் திகதி கொழும்புக்கு வெளியே, கரையிலிருந்து சுமார் ஒன்பதரைக் கடல் மைல் தூரத்தில் நங்கூரமிட்டது. மறுநாள் தீப்பற்றியது. மே 25ஆம் திகதி பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. கப்பலில் இருந்த 25 பேரும் வெளியேற்றப்பட்டனர். யூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது பின்பகுதி கடலடியில் தட்டியது. யூன் நடுப்பகுதியில் முழுமையாக மூழ்கியது.

கரைக்கு வந்து சேர்ந்தவற்றுள் பெருந்தொல்லை தந்தது பிளாஸ்டிக் குருணி. பயறு, உளுந்து அளவில் இருக்கும் இந்த வெள்ளை மணிகளை உருக்கித்தான் வாளியும் பையும் போத்தலும் செய்கிறார்கள். ஏறத்தாழ 1,680 தொன் குருணி கடலிற் கொட்டியது. இவ்வகையில் உலகில் இதுவரை பதிவான மிகப் பெரிய கொட்டல் இதுவே என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் கணித்தனர். மணலை அள்ளிச் சலிக்கச் சலிக்கக் குருணி வந்தது. ஆமைகளும் டொல்பின்களும் திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தடையில்லாத இடத்து மீனைக் கூட வாங்க மக்கள் அஞ்சினர். நோய்த்தொற்றுக் காலத்தில் ஏற்கெனவே வருமானம் குறைந்திருந்த குடும்பங்களுக்கு இது இரண்டாவது அடி.

சட்டம் எங்கே இருந்தது?

கப்பல் விடயத்தில் சட்டமே இல்லாமற் போனதால் இவ்வாறு நடந்தது என்று எண்ணினால் அது தவறு. சட்டம் இருந்தது, ஒன்றல்ல, பல. அவற்றை விளங்கிக்கொள்ள ஒரு லொறியை நினைத்துப் பாருங்கள்.

லொறி ஒன்று வீதியில் ஓட வேண்டுமானால் முதலில் அது பதிவுசெய்யப்பட வேண்டும். தகுதிச் சான்றிதழ் வேண்டும். சாரதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கப்பலுக்கும் அவ்வாறே. எந்த நாட்டிற் பதியப்படுகிறதோ அந்த நாட்டின் கொடியை அது ஏற்றுகிறது. கப்பலின் கட்டுமானம், உயிர்காப்புப் படகு, தீயணைப்புச் சாதனம், மாலுமிகளின் தகுதி ஆகியவற்றைச் சோதிக்கும் முதற் பொறுப்பு அந்தக் கொடி நாட்டுக்குரியது. இலங்கையிற் பதியப்படும் கப்பல்களுக்கு இதைச் செய்வது 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றொழிற் சட்டம். 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் 1914இல் உலக நாடுகள் கூடிச் செய்த கடலில் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தமே இத்தகைய விதிகளுக்கெல்லாம் தாய். இன்று நடைமுறையில் இருப்பது 1974இல் எழுதப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட வடிவம்.

இரண்டாவது, வீதியில் நின்று மறிக்கும் பொலிஸ். வெளிநாட்டுக் கப்பலானாலும் ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் வந்தால், அந்த நாட்டு அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம்; குறை கண்டால் திருத்தும்வரை தடுத்து வைக்கலாம். இந்து சமுத்திரக் கரை நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்து 1999 முதல் ஒன்றாக இயங்குகின்றன. இலங்கையும் அதில் உறுப்பு நாடு.

மூன்றாவது, லொறி குடைசாய்ந்து சரக்குக் கொட்டினால் பாதிக்கப்படும் ஊர். கப்பலின் விடயத்தில் அந்த ஊர்தான் கரையோர நாடு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை எமது ஆட்சிக்குரிய கடல். 200 கடல் மைல் வரை எமது பொருளாதார வலயம். ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீற்றர். எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்தது இந்த 12 மைலுக்கு உள்ளேதான். இந்தக் கடலை மாசுபடுத்துவோர் மீது நடவடிக்கை எடுப்பதற்கு முதலில் 1981இலும், பின்னர் அதற்குப் பதிலாக 2008இலும் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவதே கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. எண்ணெயோ வேறு மாசுப் பொருளோ கடலிற் கலந்தால் குற்றவியல் வழக்குத் தொடரலாம். துப்புரவுச் செலவையும் நட்டத்தையும் உரிமையாளரிடம் கேட்கலாம். கப்பல்களினால் ஏற்படும் மாசடைதலைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்திலும் இலங்கை 1997இல் சேர்ந்துகொண்டது.

இந்தச் சட்டம் வெறுங் கடதாசியாக இருக்கவில்லை என்பதற்கு ஓராண்டு முந்திய சம்பவம் சாட்சி. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய் கொண்டுசென்ற 'நியூ டயமண்ட்' என்ற கப்பல், அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே தீப்பற்றியது. மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கை, இந்தியக் கடற்படைகளும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து தீயை அணைத்தன. எண்ணெய்க் கிடங்குகள் தப்பின. அன்று அவை உடைந்திருந்தால் கிழக்குக் கரை முழுவதும் கறுத்திருக்கும். கப்டன் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபா தண்டம் விதிக்கப்பட்டது.

அப்படியானால் மறுவருடமே ஏன் பேரழிவு? விதி புத்தகத்தில் இருப்பதும், விதியைக் காக்க வேண்டியவர் உரிய மணித்தியாலத்தில் எழுந்து செயற்படுவதும் வெவ்வேறு விடயங்கள். கசிவின் உண்மை நிலை கப்பலின் தரப்பால் உரிய நேரத்திற் சொல்லப்படவில்லை. தெரிந்த பின்னும் எமது அதிகாரிகள் வேகமாகச் செயற்படவில்லை. இன்னொரு குறை உலக விதிகளிலேயே இருந்தது. பிளாஸ்டிக் குருணி அப்போது ஆபத்தான சரக்காக வகைப்படுத்தப்பட்டிருக்கவில்லை. அதனால் அமிலத்துக்குக் காட்டப்படும் கவனம் அதற்குக் காட்டப்பட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை.

வழக்கும் தீர்ப்பும்

பாதிக்கப்பட்ட கடற்றொழிலாளர்களும், சுற்றாடல் நீதிக்கான நிலையமும், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். கடல் மாசடைந்ததால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்பது அவர்களது வாதம்.

2025 யூலை 24ஆம் திகதி, பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ தலைமையிலான நீதியரசர்கள் தீர்ப்பு வழங்கினர். கப்பலின் உரிமையாளரும் நடத்துநரும் உள்ளூர் முகவரும் சேர்ந்து 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும். முதற் தவணையாக 25 கோடி டொலரை 2025 செப்டெம்பர் 23இற்கு முன் செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. நட்டஈட்டைப் பகிர்வதை மேற்பார்வை செய்ய, ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் ஆணைக்குழுவொன்றும் அமைக்கப்பட்டது. கப்பற் தரப்பை மட்டும் நீதிமன்றம் குறை சொல்லவில்லை. அப்போதைய பொறுப்பு இராஜாங்க அமைச்சரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையின் தலைவரும் தம் கடமையிற் தவறினர் என்றும் தீர்ப்பு கூறியது.

தீர்ப்பின் அடித்தளம் "மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும்" என்ற கோட்பாடு. இது கடலுக்கு மட்டுமானதன்று. எமது மக்களின் கிணற்றடியில் இக்கோட்பாடு ஏற்கெனவே வந்து நின்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து, தோட்டக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் எண்ணெய் மிதந்தது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட 500 கிணறுகள் வரை, கிணறு ஒன்றுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் பகிரப்பட வேண்டும் என்பது கட்டளை. தொகை சிறிதென்று சொல்லலாம். ஆனால் தோட்டக்காரனின் கிணறு நீதிமன்றத்தின் கணக்கிலே ஏறியது என்பது சிறிதல்ல.

அதற்கும் முன்னே, 2000ஆம் ஆண்டில், அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற்று அகழ்வதற்கு அரசாங்கம் அமெரிக்கக் கம்பனியொன்றோடு ஒப்பந்தம் செய்ய முனைந்தபோது, அவ்வூர்க் கமக்காரர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2,600 குடும்பங்கள் வரை, அதாவது சுமார் 12,000 பேர், இடம்பெயர நேரிடும் என்ற நிலை. முழுமையான ஆய்வும் சூழல் அனுமதியும் இல்லாமல் அத்திட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. இது இடம்பெயர்ந்த பின் கேட்ட நட்டஈடு அல்ல. இடம்பெயராமலே காத்த தீர்ப்பு.

தீர்ப்புக்குப் பின்னும் காசு வரவில்லையே?

எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கு முற்றுமுழுதான வெற்றி என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். 2025 செப்டெம்பரில் கப்பற் கம்பனியின் தலைமை அதிகாரி, இந்தத் தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று செய்தியாளர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். சிதைவை அகற்றவும் கரையைத் துப்புரவாக்கவும் கடற்றொழிலாளருக்கும் என ஏற்கெனவே சுமார் 17 கோடி டொலர் செலவிட்டுவிட்டோம் என்பது கம்பனியின் வாதம்.

அவர்கள் பற்றி நிற்கும் தூண் இன்னொரு சட்டம். கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்ச எல்லை வைக்கும் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று 1976 முதல் இருக்கிறது. அந்த எல்லை கப்பலின் பருமனை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விளைந்த நட்டத்தை வைத்தல்ல. எளிமையாகச் சொன்னால், லொறி கொட்டிய நஞ்சினால் எத்தனை வயல் அழிந்தது என்று பாராமல், லொறி எத்தனை தொன் என்று பார்த்து நட்டஈடு கொடுப்பது போன்றது. இதன்படி இலண்டன் நீதிமன்றம் ஒன்று கம்பனியின் பொறுப்பை சுமார் 1 கோடி 90 இலட்சம் பவுணுக்கு மட்டுப்படுத்தியிருந்தது. கொழும்பு கட்டளையிட்ட தொகைக்கும் இலண்டன் சொன்ன தொகைக்கும் இடையிலுள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆயினும் கப்பற் சட்டத்துக்கு ஒரு பலம் உண்டு. கடனுக்காகக் கப்பலையே கைதுசெய்யலாம். இலங்கையிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு வழி செய்கிறது. 2025 மே 25ஆம் திகதி கேரளக் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 600இற்கு மேற்பட்ட கொள்கலன்களோடு மூழ்கியது. அதன் குருணிகள் கன்னியாகுமரிக் கரைக்கும் தனுஷ்கோடிக்கும், பின்னர் எமது மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கும் வந்தன. கேரள அரசு 9,531 கோடி இந்திய ரூபா கேட்டு வழக்குத் தொடுத்தது. மூழ்கிய கப்பலைக் கைதுசெய்ய முடியாது. ஆனால் அதே குழுமத்தின் வேறொரு கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றது. அதைத் தடுத்துவைக்கக் கேரள உயர்நீதிமன்றம் 2025 யூலையிற் கட்டளையிட்டது. அண்ணன் பட்ட கடனுக்குத் தம்பியின் வண்டியை மறித்த கதைதான். கப்பல் உலகில் அது சட்டபூர்வமானது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றையும் நிறைவேற்றியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நட்டம் கடதாசியில் ஏற வேண்டும். பதிவுசெய்த படகு வைத்திருப்பவரைக் கணக்கெடுப்பது சுலபம். அவர் பிடித்த மீனைக் கருவாடாக்கும் பெண்ணின் நாட்கூலியை எந்தப் பதிவேட்டில் தேடுவது? எங்களிடமும் இதே நிலைதான். காணி உறுதி உள்ளவருக்கு ஒரு கணக்கு. லயத்துக்குப் பின்னால் மரக்கறித் துண்டு வைத்திருந்தவருக்கு, அந்நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவருக்கு, கூலிக்குப் போனவருக்கு என்ன கணக்கு? ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்க வேண்டும். என்ன பயிர், எத்தனை பேர்ச்சஸ், எத்தனை கிலோ, யாருக்கு விற்றது, என்ன விலை என்று எழுதுங்கள். மரக்கறி வியாபாரி தந்த துண்டையும் உரக்கடைப் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். மாடு, ஆடு, பழமரம், கிணறு, வேலி யாவும் கணக்கில் வர வேண்டும். படம் எடுக்கும்போது திகதியையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, காலம். அரச நிர்வாகத்தின் செயலாலோ செயலின்மையாலோ அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். ஒரு மாதம் என்பது கூடாரத்தில் இருப்பவருக்கு ஒரு கண்மூடல். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எனவே முதல் வாரத்திலேயே எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கண்டியில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மூன்றாவது, கேட்டறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நட்டஈட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா, எந்த அடிப்படையில் தொகை நிர்ணயிக்கப்பட்டது, உங்களுக்கென ஒதுக்கிய காணி பற்றிய மண்சரிவு ஆய்வறிக்கை என்ன சொல்கிறது என்று பிரதேச செயலகத்திடம் எழுத்திற் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கேட்பது சண்டை பிடிப்பதல்ல. கிராம உத்தியோகத்தர் ஐயாவிடம் மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் எழுத்திற் கேட்க வேண்டும்.

நான்காவது, கூட்டு. ஒரு கடற்றொழிலாளி மட்டும் தனியே சென்றிருந்தால் சிங்கப்பூர்க் கம்பனியின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார். சங்கமும், சூழல் அமைப்பும், திருச்சபையும், சட்டத்தரணிகளும், விஞ்ஞானிகளும் ஒரே பக்கத்தில் நின்றதால்தான் வழக்கு நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தது. தனித்தனியாகக் கண்ணீர் விடும் ஐம்பது குடும்பங்களை விட, ஒரே பட்டியலில் ஒப்பமிட்ட ஐம்பது குடும்பங்களுக்கு வலு அதிகம். அந்தப் பட்டியலில் சிங்களக் குடும்பம், தமிழ்க் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்று பிரித்து எழுதாதீர்கள். குருணி ஒதுங்கிய கரையில் எல்லா மொழி பேசுவோரும் ஒரே மணலைத்தான் சலித்தார்கள்.

ஐந்தாவது, எங்கள் பக்கத்துக் கடமை. கப்பல்காரன் கடலிற் கொட்டக் கூடாது என்று சட்டம் கேட்கும் நாம், மருந்துப் போத்தலையும் உரப்பையையும் ஓயாவில் எறிந்தால் எந்த வாயால் நியாயம் பேசுவது? கெஹெல்கமு ஓயாவில் விழும் பொலித்தீன், அணைகளில் தங்காமற் தப்பினால், முகத்துவாரம் வரை போகும். களனி கங்கை கொழும்பு மக்களின் குடிநீர். மலையில் இருப்பவர்கள் ஆற்றின் மேற்பக்கத்தார். மேற்பக்கத்தாருக்கு உரிமையைப் போலவே பொறுப்பும் உண்டு.

100 கோடி டொலர் எப்போது வரும், முழுதாக வருமா என்பதை நீதிமன்றங்களும் அரசாங்கமும் இனிச் செய்வதே தீர்மானிக்கும். ஆனால் ஒன்று நடந்தேறிவிட்டது. வலை விரித்துப் பிழைக்கும் குடும்பத்தின் இழந்த நாட்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் எண்ணப்பட்டன. எண்ணப்படுவதற்கு அந்நாட்கள் முதலில் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த வாரம் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கொப்பியோடு வாருங்கள். எழுத வராதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். முதற் பக்கத்தில் இழந்த நிலத்தின் பெயரை எழுதுங்கள்; அதற்குக் கீழே அங்கு நின்ற மரங்களின் எண்ணிக்கை.